சோதனை அழைப்பு

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் அடிக்காவிட்டால் அங்கே வேலை செய்பவர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம் வரத்தான் செய்யும். ஊரில் யாருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை, யாரும் மாடிப்படியில் உருளவில்லை, எந்தக் குழந்தையும் பொத்தானை விழுங்கவில்லை என்று அர்த்தம். அந்தக் காலையிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு சாவகாசமாகத் தேநீர் குடித்தார்கள்.

"இன்னைக்கு ஊருக்கே உடம்பு நல்லா இருக்கு போல. இப்படியே போனா நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாள் ரேடியோ அக்கா. முன்வரிசையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஓயாமல் பேசுகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பட்டப்பெயர் கிடையாது. கூடம் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். காலில் செருப்பு இல்லை. பக்கத்துத் தெருக்காரர். காதில் வைத்த போனோடு அப்படியே ஓடி வந்திருந்தார். அந்த போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் பிடிக்க எழுந்து வந்த நெட்வொர்க் பொறியாளர்தான் அவருக்கு முதலில் எதிர்ப்பட்டாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று அவளைக் கேட்டார். அப்புறம் அவள் தோளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டீக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். "இவ்வளவு பேர் இருக்கீங்களே. ஏன் யாரும் எடுக்கல?"

அவர் மனைவிக்கு உடனே வண்டி போனது, அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் காலையில் அடித்து அடித்து ஓய்ந்த மற்ற போன்களுக்குப் பின்னால் எந்தெந்த வீட்டில் என்னென்ன ஆனது என்று நெட்வொர்க் பொறியாளரிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பிரச்சினை கோர் சுவிட்சில் இருந்தது. ஒவ்வொரு வரிசை மேஜைக்கும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதற்கு ஆக்சஸ் சுவிட்ச் என்று பேர். அந்த வரிசையின் போன்களும் கணினிகளும் அதில் வந்து சேரும். சின்னப் பெட்டிகள் எல்லாம் போய்ச் சேருகிற பெரிய பெட்டி கோர். அதுதான் கட்டடத்தின் நடு நாடி. அன்றைக்கு அது செத்துப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, பக்கத்தில் இருந்த இன்னொரு கோர் வேலையைக் கையில் எடுத்திருக்கும். அது சாகவில்லை. மயங்கிக் கிடந்தது. விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே வந்த எதையும் வெளியே விடவில்லை. விளக்கைப் பார்த்த எல்லாப் பெட்டிகளும் அது உயிரோடு இருப்பதாகவே நம்பின. அவளுடைய கண்காணிப்புத் திரையும் நம்பியது. அன்று காலை முழுவதும் அவள் அந்தப் பச்சைத் திரைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மேலிடம் விழித்துக்கொண்டது. பழைய பெட்டிகளை எல்லாம் தூக்கிவிட்டுப் புதியவை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதை வாங்குவது என்று முடிவு செய்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். எதையும் இரண்டு தரம் கேட்பாள், மூன்றாம் தரம் தொட்டுப் பார்ப்பாள். "சந்தேகத்துக்கிட்ட குடுத்தா சரியா இருக்கும்" என்று மேலாளர் சொன்னபோது அது பாராட்டா கிண்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

காரணம் வீட்டில் இருந்தது. அவளுடைய அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயம் ஒரு தடவை மிரட்டிவிட்டுப் போயிருந்தது. மறுபடி வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தால் வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பாள். அம்மா என்ன செய்வாள்? ஆம்புலன்ஸ் நம்பரைத்தான் போடுவாள். அந்த அழைப்பு எங்கே வரும்? மகள் தேர்ந்தெடுக்கிற பெட்டி வழியாகத்தான் வரும். இதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சாப்பிடும்போது அப்பா இருமினால் கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்கும்.

"என்ன பாப்பா, பஸ்ஸுல பிரேக் புடிச்ச மாதிரி நிக்கற?" என்பார் அப்பா. "சாப்பிடு. நான் இன்னும் டெப்போவுக்குப் போகல."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்பாள் அம்மா.

மேலாளர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் எல்லோரும் செய்வதையே செய்யப் பார்த்தார். "எல்லாரும் எதை வாங்கறாங்களோ அதையே வாங்கிடலாம்மா. நாளைக்குக் கெட்டுப்போனாலும் ஏன் வாங்கினேன்னு நம்மள யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அலுவலகங்களில் பாதி சாமான் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வாங்கப்படுகிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை, அவர் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லோரும் வாங்குகிற பெட்டியைப் பார்க்க இருவரும் போனார்கள். விற்பனைக்காரர் நல்ல பேச்சுக்காரர். இரண்டு கோர் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். அவை இரண்டு உடம்பு, ஆனால் ஒரே மூளை என்றார். நிர்வகிக்கச் சுலபம், ஒன்றிடம் சொன்னால் இரண்டும் கேட்கும். எதிரில் ஒரு திரையில் மீன் தொட்டிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படம் பெட்டிகள் வழியாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு, வித்தைக்காரர் தோரணையில் ஒரு பெட்டியின் மின்கம்பியை உருவினார். மீன்கள் தம் பாட்டுக்கு நீந்தின. மேலாளர் கை தட்டினார்.

"சார், கரண்ட புடுங்கினா எல்லாப் பெட்டியும் ஒழுங்காத்தான் சாகும்" என்றாள் அவள். "சாகாம மயங்கிப்போனா?"

"எங்க பெட்டி மயக்கம் போடாது மேடம்." விற்பனைக்காரர் சிரித்தார். "அது விரதம் எல்லாம் இருக்கறதில்ல."

"அப்போ நாமளா மயக்கிப் பாக்கலாம். பவர் இருக்கட்டும். விளக்கு எரியட்டும். உள்ள இருக்கற மூளையை மட்டும் உறைய வச்சுக் காட்டுங்க."

"அப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயே."

"நான் கேக்கறேன்."

தைரியசாலி என்பதால் அவள் கேட்கவில்லை. செருப்பில்லாத அந்த மனிதர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருப்பது போல இருந்தது, அதனால் கேட்டாள். விற்பனைக்காரரோடு வந்திருந்த பொறியாளர் விசைப்பலகையில் ஏதோ தட்டினார். மீன்கள் நின்றன. ஒரு மீன் பாதி திரும்பிய நிலையில் வால் மட்டும் தெரிய நின்றது. இரண்டு பெட்டிகளிலும் பச்சை விளக்குகள் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தன. மூளை ஒன்றுதானே, இரண்டு உடம்பும் சேர்ந்தே மயங்கிவிட்டன.

"இது டெமோ பீஸ்" என்றார் விற்பனைக்காரர்.

காரில் ஏறிய பிறகு மேலாளர், "அந்த மீனு இன்னும் கண்ணுலயே நிக்குதும்மா" என்றார்.

அவள் கடைசியில் தேர்ந்தெடுத்தது வேறு ஜோடி. இரண்டு கோருக்கும் தனித்தனி மூளை. வேலை இரட்டிப்பு, ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்லிக்கொடுத்து வளர்க்க வேண்டும். ஆக்சஸ் சுவிட்சுகளிலும் மலிவானதை விட்டுவிட்டாள். மலிவானவை விளக்கை மட்டும் பார்க்கும். எதிரில் பச்சை எரிந்தால் ஆள் இருப்பதாக நம்பிவிடும். அவள் எடுத்தவை அவளைப் போலவே சந்தேகப் பிராணிகள். இரண்டு கோர்களையும் ஓயாமல் 'இருக்கியா, இருக்கியா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், விளக்கு எப்படி எரிந்தாலும் சரி, அடுத்த கோர் பக்கம் திரும்பிவிடும். மேஜைகளையும் மாற்றி மாற்றி இணைக்கச் சொன்னாள். ஒரு ஆக்சஸ் சுவிட்ச் போனால்கூட ஒன்று விட்டு ஒரு மேஜையில் போன் அடிக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட பிறகாவது பயம் போகும் என்று நினைத்தாள். போகவில்லை, அதிகமானது. இனிமேல் பழிபோட இன்னொருவர் கிடையாது. இதுதான் வேண்டும் என்று கேட்டதும் அவள்தான், தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

அந்த மையத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எந்தக் கருவியும் முழுப் பொறுப்புக்கு வருமுன், பட்டப்பகலில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அதைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுத்தவர் கையாலேயே பிடுங்க வேண்டும். யார் ஆரம்பித்ததோ தெரியாது, ஆனால் புத்திசாலி. அடுத்தவன் பிடுங்கட்டும் என்ற வசதி இல்லாவிட்டால் மனிதன் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுப்பான். அவள் மேலாளரிடம், பிடுங்கினால் போதாது, மயக்கியும் பார்க்க வேண்டும் என்றாள். அவருக்கு அந்த மீன் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மறுக்கவில்லை.

சோதனைக்கு வெளியிலிருந்து யாராவது அந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவள் தன் அம்மாவைக் கேட்டாள். அந்த வீட்டிலிருந்து, அந்த போனிலிருந்து, அந்த விரலால் போட்டால் அழைப்பு வந்து சேருகிறதா என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"ஏண்டி, ஆம்புலன்ஸுக்குச் சும்மா போன் போடுவாங்களா?" என்று அம்மா பதறினாள். "கெட்டதை வாய் விட்டுக் கூப்பிட்ட மாதிரி ஆயிடாது? நான் மாட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்ல வேணாம்மா. சும்மா சோதனைக்குத்தான்னு சொல்லிட்டு வச்சுடு. ரெண்டு தடவை. முதல்ல ஒண்ணு, அப்புறம் நான் மெசேஜ் போட்டதும் இன்னொண்ணு."

"நான் வேணும்னா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் படுத்துக்கவா?" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "உங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. பக்கத்துல ஒரு ஆள் படுத்திருந்தா கொஞ்சம் பேச்சு வரும்."

அம்மா அவரை முறைத்த முறைப்பில் அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்தார். அம்மா ஒத்துக்கொண்டாள், அரை மனதாக.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒரு காரியத்தை அப்போது எல்லோரும் மெச்சினார்கள். சோதனை அழைப்பு என்று தெரியாமல் யாராவது வண்டியை அனுப்பிவிட்டால் நிஜமாகத் தேவைப்படுகிறவருக்கு வண்டி இல்லாமல் போகும். அதனால் அம்மாவின் எண்ணைச் சோதனை எண் என்று குறித்து வைத்தாள். அந்த எண்ணிலிருந்து எது வந்தாலும் ரேடியோ அக்காவின் மேஜைக்கே போகும், திரையில் மஞ்சள் பட்டையில் 'சோதனை' என்று வரும். குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்து, நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். "எவ்வளவு முன்யோசனை" என்றார் மேலாளர்.

சோதனை நாள் காலை. சர்வர் அறைக்குள் குளிர் எலும்பில் இறங்கியது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடம் தெரிந்தது. போன்கள் அடித்தன, உதடுகள் அசைந்தன. மேலாளர் இரண்டு அறைக்கும் நடுவில் வாசலிலேயே நின்றார், எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்யாதவர் மாதிரி.

முதல் அழைப்பு எல்லாம் நல்லபடி இருக்கும்போதே. அம்மா போட்டாள். ரேடியோ அக்கா எடுத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் வாசல்வரை வந்து, "உங்கம்மா என்ன இவ்வளவு கூச்சம். 'சும்மா சோதனைக்குத்தாம்மா, மன்னிச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. என்கிட்டயே மன்னிப்புக் கேட்ட முதல் ஆளு இவங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

இப்போது மயக்க வேண்டும். விசைப்பலகையில் கட்டளை தயாராக இருந்தது. இதோ இந்த விசையை அழுத்தினால் ஒரு கோர் மயங்கும். அவள் எண்ணம் சரியென்றால் கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தப்பென்றால் கூடம் அமைதியாகிவிடும். அந்தக் காலையின் அமைதி. கண்ணாடிக் கதவை அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். யாரும் ஓடி வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

கோரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் விளக்கைப் பார்க்கவில்லை, கூடத்தைப் பார்த்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒருவன் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ தட்டச்சு செய்தான். பின்வரிசையில் ஒரு போன் அடித்தது, எடுத்தார்கள். ஆக்சஸ் சுவிட்சுகள் கேட்டுப் பார்த்து, பதில் வராமல், சத்தம் போடாமல் அடுத்த கோருக்குத் திரும்பியிருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவுக்கு 'இப்ப போடு' என்று அனுப்பக் கைப்பேசியை எடுத்தாள்.

"வந்தாச்சும்மா" என்றார் மேலாளர் வாசலிலிருந்து. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ரெண்டாவதும் வந்தாச்சு. மயங்கின நிலைமையிலயும் வந்து சேந்துடுச்சு. ஜெயிச்சுட்ட."

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். செய்தி இன்னும் போகவில்லை. ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை.

"நான் இன்னும் சொல்லவே இல்லயே" என்றாள்.

எழுந்தாள். மேலாளரை இடித்துக்கொண்டு கூடத்துக்குள் ஓடினாள். ரேடியோ அக்கா ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டே திரும்பினாள்.

"உங்கம்மா பிரமாதம். முதல் தடவை அவ்வளவு கூச்சம், இந்தத் தடவை அழுதே காட்டிட்டாங்க. 'அவர் எழுந்திரிக்க மாட்டேங்கறாரு, சீக்கிரம் வாங்க'ன்னு. நான் 'ரொம்பத் தெளிவா கேக்குதும்மா, நன்றி'ன்னு சொல்லி..."

அவள் முகத்தைப் பார்த்து ரேடியோ அக்கா நிறுத்தினாள். மீதியைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

"வண்டி" என்றாள். "எங்க வீட்டுக்கு வண்டி." முகவரி வாயில் வரவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டின் முகவரி. தெருப்பெயர் வந்தது, கதவு எண் வரவில்லை. ரேடியோ அக்கா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அந்த எண்ணுக்குரிய முகவரியைத் திரையில் எடுத்து வண்டிக்கு அனுப்பிவிட்டிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் வேலை செய்தன. கண்கள் எங்கோ நிலைத்திருந்தன.

பொறியாளர் தன் வீட்டு எண்ணைப் போட்டாள். வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. அம்மா மறுபடி முயல்கிறாள். எங்கே முயல்கிறாள்? அந்த நேரம் ரேடியோ அக்காவின் மேஜை மணி அடித்தது. திரையில் மஞ்சள் பட்டை. சோதனை. ரேடியோ அக்காவின் கை நீண்டு பாதியில் நின்றது. பொறியாளர் அந்த ஹெட்செட்டைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

"ஆம்புலன்ஸ் சேவை. சொல்லுங்க." அங்கே அதைத்தான் முதலில் சொல்வார்கள். தினமும் காதில் விழுந்து விழுந்து அவளுக்கும் அதுதான் வந்தது.

"அம்மா, வச்சுடாதீங்கம்மா" என்றது மறுமுனை. குரல் பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. "இது சோதனை இல்லம்மா. நெசமாத்தான் சொல்றேன். எம்பொண்ணு அங்கதான் வேலை செய்யறா. அவளைக் கேட்டுப் பாருங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். வச்சுடாதீங்க."

"நான்தாம்மா."

ஒரு விநாடி எதுவும் கேட்கவில்லை. கோர் விழுந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அம்மா மூச்சு இழுக்கும் சத்தம் கேட்ட பிறகு உயிர் வந்தது.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. வந்துக்கிட்டிருக்கு. அப்பா..." அடுத்த கேள்வி அவளுக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்க வாய் வரவில்லை. ரேடியோ அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் மெல்ல, வேலைக் குரலில் சொன்னாள். அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். "அப்பா மூச்சு விடறாரா?"

"தெரியலடி. வாய் திறந்திருக்கு."

"மார்ல கை வச்சுப் பாரு. ஏறி இறங்குதா?"

"தெரியலயேடி. என் கைதான் ஆடுது."

ரேடியோ அக்கா சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். தரையில் மல்லாக்கப் படுக்க வை. நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வை. மேல ஒரு கை. அழுத்து, நல்லா அழுத்து, வலிக்கும்னு பாக்காதே. விடாதே. அம்மா அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு முனகல் கேட்டது, அது அம்மாவுடையது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "அந்தக் கோரை எழுப்பிடட்டுமா?" என்று கிசுகிசுத்தார். "ரெண்டும் இருந்தா பத்திரம்தானே?"

அவள் ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். எழுப்பினால் எல்லா ஆக்சஸ் சுவிட்சும் மறுபடி கேட்டுப் பார்த்துத் திரும்பும். திரும்பும்போது ஒரு அழைப்பு அறுந்தாலும் போதும். "தொடாதீங்க" என்றாள். "எதையும் தொடாதீங்க."

அப்படியே விட்டார்கள். அவள் தேர்ந்தெடுத்த இரண்டு மூளைகளில் ஒன்று பச்சை விளக்கோடு மயங்கிக் கிடக்க, மிச்சம் இருந்த ஒன்றின் மேல் அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. அது அறுந்தால் இன்னொன்று கிடையாது. அந்தப் பெட்டியை நம்பினாள். நம்பிக்கை என்று சொல்வதற்குக் கூசுகிறது. வேறு வழி இல்லாததால் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சைரன் முதலில் ஹெட்செட்டில்தான் கேட்டது. அப்புறம் கதவு, கனத்த காலடிகள், "தள்ளுங்கம்மா" என்கிற ஆண்குரல். போன் எங்கோ தரையில் விழுந்தது. துணி கிழிகிற சத்தம், ஏதோ இயந்திரம் பேசுகிற சத்தம், எல்லாம் துல்லியமாக வந்தது. இவ்வளவு துல்லியம் வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. வெகு நேரம் கழித்து யாரோ போனை எடுத்தார்கள்.

"யாரு லைன்ல?"

"மையம்" என்றாள்.

"துடிப்பு வந்திருக்கு. தூக்கறோம்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. உள்ளே அப்பா குழாய்களோடு கிடந்தார். இன்று ராத்திரி தாண்டட்டும், அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா திரும்பவில்லை.

"மெசேஜ் வருமேன்னு போனைக் கையிலயே வச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "அவரு பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. பேப்பர் நழுவிச்சு. நடிக்கறாருன்னு நினைச்சு நானும் திட்டினேன்."

அவள் அம்மாவின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடனே எடுத்தாங்கடி. மணி ஒரு தடவைதான் அடிச்சுது. காப்பாத்துங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு நன்றின்னு சொல்லிட்டு வச்சுடுச்சு." அம்மா இப்போது திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. புரியாத ஒன்றைப் பெற்ற பெண்ணிடம் கேட்கிற முகம். "ஏண்டி நன்றின்னு சொன்னாங்க?"

மறைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. "நான்தாம்மா அப்படிச் சொல்லச் சொன்னேன். நம்ம வீட்டு நம்பர் வந்தா சோதனைன்னு வச்சுக்கச் சொன்னேன்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். அழுவாள், திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். உள்ளே ஒரு இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்க்காமல் அப்பாவின் போர்வையைப் பார்த்தாள், ஏறி இறங்குகிறதா என்று.

"இப்ப எடுத்துட்டாங்களா? நம்ம நம்பரை?"

"எடுத்தாச்சும்மா."

"நீ பாத்தியா?"

"ரேடியோ அக்கா எடுத்துட்டேன்னு சொன்னாங்க."

அம்மா மடியிலிருந்த போனை எடுத்தாள். முடிந்த அழைப்புகளில் அந்த எண் மேலேயே இருந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, சும்மா போன் போடுவதே ஆகாது என்று சொன்ன அம்மா, மகளைப் பார்த்தாள்.

"ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"

வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.